மூன்றாவது மாடி, நான்காவது ரேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பட்டனை அழுத்தியது நான்தான். எனக்கு வந்த வேலைநீக்கக் கடிதத்தில் ‘மனிதப் பிழை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதப் பிறவி நான். மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் யார் யார் எங்கெங்கே தலையாட்டினார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை பாருங்கள், அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் வஞ்சி. வயது நாற்பத்தொன்று. பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர் பீளமேடு. பதினேழு வருடமாகச் சென்னை சிறுசேரியில், இயந்திரக் கை செய்கிற ‘நிறைகரம்’ நிறுவனத்தின் தரவு மையத்தில் வேலை பார்த்தேன். பவர் பிரஸ்ஸிலும் அறுவடை இயந்திரத்திலும் ரயில் தண்டவாளத்திலும் கையைப் பறிகொடுத்தவர்கள் இரண்டு லட்சம் பேர் எங்கள் கையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அந்தக் கைகளுக்கு மென்பொருள் அனுப்புகிற தரவுத்தளம் என் பொறுப்பு. அது இருந்த டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது. வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் குடிபோகிற மாதிரி.

அதற்கு அவர்கள் பார்த்த நாள் ஆயுத பூஜை.

“பட்டறை, ஃபேக்டரி எல்லாம் லீவு. லோடு கம்மியா இருக்கும். இதைவிட நல்ல நாள் கிடைக்காது” என்றார் என் மேலாளர் நிரஞ்சன். சொல்லிவிட்டு அவர் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டார்.

காலை ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடியில், டிஸ்க்குகளை அடுக்கியிருக்கிற எங்கள் ரேக்குக்குச் சந்தனம் தெளித்தோம், குங்குமம் வைத்தோம். மேலே ஒரு எலுமிச்சம்பழம். பொரிகடலைப் பொட்டலம் ஆளுக்கொன்று. ஃபோட்டோ எடுத்துக் குழுவில் போட்டாயிற்று. ஒன்பதே முக்காலுக்கு அதே ரேக்கில் வேலையை ஆரம்பித்துவிட்டோம். என் அப்பா பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். மோட்டார் பட்டறை வைத்திருந்தவர் அவர். பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரை ஒரு விரலால் தொட விடமாட்டார், மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். கோயம்புத்தூரில் அத்தனை பட்டறையிலும் அப்படித்தான். இது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்தும் பொரியை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்கிற ஜபருல்லா அன்றைக்கு என்கூட இருந்தான். ஆம்பூர்ப் பையன், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். முதல் வேலையாக நான் முழுத் தரவுத்தளத்தையும் பழைய டிஸ்க்கிலேயே ஓர் ஓரத்தில் நகல் எடுக்கப் போட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் சூடு பட்டவள், அதனால் வந்த பழக்கம். நகல் முடிய மதியம் தாண்டும். சும்மா உட்கார்ந்திருந்தபோது அவன் கேட்டான்.

“அக்கா, கை பழகுறதெல்லாம் எதுக்கு இங்க வந்து உக்காருது? கைக்குள்ளயே இருந்தா என்ன?”

“என்ன பழகுது, சொல்லு பாப்போம்.”

“டம்ளரை எவ்ளோ அழுத்திப் புடிக்கணும், முட்டையை எப்டிப் புடிக்கணும், அதானே?”

“அதான். ஒரு வருஷம் போட்டா உன் கை மாதிரி ஆகும். அஞ்சு வருஷம் போட்டா உன் கையெழுத்தே வந்துடும். அது கைக்குள்ளயே இருந்துச்சுன்னு வை, நாளைக்கு நீ அதைத் தூக்கி வேற கம்பெனி கையில ஏத்திக்கிட்டுப் போயிடுவ. இங்க இருந்தா எங்க போவ?”

“அப்போ கைக்குள்ள ஒண்ணுமே கிடையாதா?”

“மோட்டார் இருக்கு. பேட்டரி இருக்கற வரைக்கும் ஞாபகம் இருக்கும். பேட்டரி கழண்டா போச்சு. மறுபடி முழிச்சதும் நம்மகிட்ட வந்து ‘நான் யாரு’ன்னு கேக்கும். ‘நீ இன்னாரோட கை, இப்படித்தான் புடிப்ப’ன்னு நாம சொல்லணும்.”

“நாம சொல்லலைன்னா?”

“டப்பாவுலேர்ந்து எடுத்த புதுக் கை.”

வாயில் போட்ட பொரியை மெல்லாமல் என்னைப் பார்த்தான். “கேக்கவே ஒரு மாதிரி இருக்குக்கா.”

“அதுக்குத்தானே சம்பளம் தர்றான்” என்றேன். என்னமோ பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி.

நகல் முடிந்ததும் இடத்தைக் கணக்குப் பார்த்தேன். புது டிஸ்க் பத்தவில்லை. நாங்கள் கேட்டது ஒன்று, வாங்கும் பிரிவு வாங்கிக்கொடுத்தது ஒன்று. நிரஞ்சனைக் கூப்பிட்டேன். திரையில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் படகுத்துறை.

“சார், நூத்துக்கு மூணு பங்கு இடம் குறையுது.”

“செத்த ரெக்கார்டை எல்லாம் கழிச்சுட்டுக் கொண்டுபோங்க வஞ்சி. அதை எதுக்குச் சுமக்கணும்?”

“கழிச்சுப் பாத்துட்டேன் சார். தொண்ணூறு நாளா நம்மகிட்டப் பேசாத கை மொத்தமே நானூத்திப் பதினொண்ணுதான். ஒரு மூலைக்குக் காணாது. டெமோ கையைத் தூக்கிடலாமா?”

டெமோ கை என்பது மால்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வணக்கம் போடுகிற கை. நானூறு இருக்கின்றன. வணக்கம் போடுவது சாக்கு. நின்று பார்க்கிறவர்களின் முகத்தை எல்லாம் படம் பிடித்து அனுப்பும். அதனால் ஒரு டெமோ கை, முப்பது மனிதர்களின் கை பிடிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது ஒரு டம்ளரைத் தூக்கியது கிடையாது.

“டெமோவைத் தொடாதீங்க. மார்க்கெட்டிங் என் தோலை உரிச்சிடுவாங்க. நாளைக்கு விஜயதசமி, மால்ல கூட்டம் அள்ளும். ஒண்ணு பண்ணுங்க, தொண்ணூறு நாளை எட்டு மணி நேரம் ஆக்கிடுங்க.”

“எட்டு மணி நேரமா?”

“கை மணிக்கு ஒரு தடவை பேசும்ல? சார்ஜ்ல கிடந்தாலும் பேசும்ல? எட்டுத் தடவை பேசலைன்னா அது செத்த கைதானே? இதுல என்ன குழப்பம்?”

மாற்றினேன். திரையில் எண் வந்தது. ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினேழு.

“சார், நம்பர் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு.”

“இடம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“அப்புறம் என்ன? அடிங்க.”

அப்போது மணி மூன்றரை. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஆறு மணிக்கே குளித்து முழுகி, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கும். என் கண்ணுக்கு எதிரே ரேக்கில் அதே குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டனை அடித்தேன்.

மாலை ஆறரைக்கு இடமாற்றம் முடிந்தது. வீட்டுக்குப் போய் மீதிச் சுண்டலைத் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விஜயதசமி. எந்த மாற்றம் செய்தாலும் அடுத்த இருபத்து நாலு மணி நேரத்துக்குப் புகார் அழைப்பெல்லாம் செய்தவர் மேஜைக்கே வரும் என்பது எங்கள் விதி. எட்டே முக்காலுக்கு முதல் அழைப்பு வந்தது.

“கை கம்பெனிங்களா? ஒரு நிமிசமுங்க, அவரு பேசறாரு” என்றது ஒரு பெண் குரல். பிறகு ஆண் குரல்.

“அம்மிணி, வணக்கமுங்க. ஆவாரம்பாளையத்துல இருந்து சென்னியப்பன் பேசறனுங்க. லேத் பட்டறையில டர்னருங்க. பிரஸ்ஸுல மாட்டி ரெண்டு கையும் போயிருச்சுங்க. பன்னண்டு வருசமா உங்க கைதானுங்க.”

“சொல்லுங்கண்ணா.” ஊர்ப் பேச்சைக் கேட்டதும் என் நாக்கும் பீளமேட்டுக்குப் போய்விட்டது.

“என்ற கை என்னைய மறந்துபோச்சுங்க.”

நான் புகார்ப் படிவத்தைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

“எனக்கு ஒரே புள்ளைங்க. தாமரைன்னு பேரு, பதினாலு வயசு. பொறந்ததுல இருந்து கண்ணும் தெரியாது, காதும் கேக்காதுங்க. அவ உள்ளங்கையில தட்டித் தட்டித்தான் பேசுவனுங்க. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக்குடுத்ததில்லீங்க, நாங்களா வெச்சுக்கிட்ட பாசை. கட்டைவெரல்ல ஒரு சுத்து சுத்துனா சோறு. சுண்டுவெரல்ல ரெண்டு தட்டுத் தட்டுனா அம்மா. என்ற சம்சாரம் கோகிலாவும் பேசுவா, இல்லீங்கல. ஆனா கதை கேக்கறது, சண்டை போடறது எல்லாம் என்ற கைகூடத்தானுங்க. காத்தால கையப் போட்டுட்டு எப்பவும்போல அவ கையப் புடிச்சனுங்க. இரும்பு ராடைப் புடிக்கற மாதிரி புடிச்சிருச்சு. நகமெல்லாம் நீலமாப் போச்சுங்க.”

“அப்புறம்?”

“கத்துனா. என்ற மூஞ்சியத் தடவிப் பாத்தா. மூஞ்சி அப்பன் மூஞ்சிதான். மறுக்காக் கையத் தடவிப் பாத்தா. என்ற நெஞ்சுல தட்டிக் கேக்கறா அம்மிணி, ‘இது யாரு’ன்னு.”

அந்தப் பெரிய மனிதர் அழுதார். கண்ணைத் துடைக்கவும் அவருக்குக் கை இல்லை என்பது எனக்கு உறைத்தது.

“அண்ணா, நேத்துக் கை போட்டிருந்தீங்களா?”

“நேத்து எங்கீங்க போடறது? ஆயுத பூசையாச்சுங்களே. கழட்டி, பேட்டரியெல்லாம் எடுத்துட்டு, லேத்துப் பக்கத்துல வெச்சுப் பொட்டு வெச்சமுங்க. மிசினுக்கு லீவுன்னா கைக்கும் லீவுதானுங்களே? வருசத்துல அந்த ஒரு நாளு கோகிலாதான் ஊட்டி விடுவா.”

முந்தின நாள் கணக்கைத் திரையில் எடுத்தேன். கழிக்கப்பட்டவை ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினேழு. அதில் உண்மையிலேயே செத்த கை நானூற்றுப் பதினொன்று. மிச்சம் ஒன்பதாயிரத்து இருநூற்று ஆறும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கைகள். அடிப்பாவி வஞ்சி, நீ பட்டறைக்காரன் மகள்தானே!

“அண்ணா, பேட்டரியைக் கழட்டிருங்க. புதுசா எதையும் அதுக்குப் பழக்காதீங்க. நான் கூப்பிடறேன். சத்தியமாக் கூப்பிடறேன்.”

“பேட்டரியக் கழட்டறனுங்க. கையக் கழட்டறனுங்க. புள்ளைக்கு அதைக் கண்டாலே பயமா இருக்குது. நீங்க சீக்கிரம் கூப்பிடுங்க அம்மிணி.”

அதற்குள் மேஜை ஃபோனில் எல்லா விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது. திருப்பூரில் ஒரு தையல்காரர், துணியைக் கிழித்துவிட்டார். சிவகாசியில் அச்சகத்துக்காரர். சேலத்தில் ஒரு அம்மா, குழந்தைக்குப் பொட்டு வைக்கப் போய்க் கண்ணில் குத்திவிட்டாள். எல்லோரிடமும் பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு நிரஞ்சனைப் பிடித்தேன்.

“சார், ஒன்பதாயிரத்து இருநூத்தி ஆறு உயிருள்ள கையை அழிச்சிருக்கோம்.”

“தெரியும். காலையிலேயே ரிப்போர்ட் வந்துச்சு. லீகல்கிட்டப் பேசிட்டேன். அவங்க ஏன் பேட்டரியைக் கழட்டுனாங்க?”

“ஆயுத பூஜை சார்.”

“கைக்கு எவனாவது பூஜை போடுவானா வஞ்சி?”

“நேத்து ரேக்குக்குப் போட்டோமே, அது என்ன சார்?”

“அது ஃபோட்டோவுக்கு” என்றார். “பாருங்க, விதிமுறை பதினொண்ணுல இருக்கு, பயனாளர் பேட்டரியைக் கழட்டக் கூடாதுன்னு. தப்பு அவங்க மேல. மூணு மாசச் சந்தா வேணாம்னு சொல்லிடலாம். கைதானே, மறுபடி பழகிக்கும்.”

“பழக அஞ்சு வருஷம் ஆகும் சார். ஒரு ஆள் கண்ணும் காதும் இல்லாத பொண்ணுகிட்ட அந்தக் கையாலதான் பேசுறாரு. அவரு சாப்பாடு போடற கை இல்லை சார் அது, அவரு வாய்.”

“உணர்ச்சிவசப்படாதீங்க.”

“என்கிட்ட முழு நகல் இருக்கு. பழைய டிஸ்க்குல. டெமோ கையைத் தூக்கினா இடமும் இருக்கு. ரெண்டு மணி நேர வேலை சார்.”

“அந்த நகலை யார் எடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லலை.”

“திருப்பிப் போட்டா, நாமதான் அழிச்சோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். புரியுதா? பழைய டிஸ்க்கை ரெண்டு மணிக்குள்ள அழிக்கணும். ஜபருல்லாவுக்கு ஆர்டர் போயாச்சு. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க.”

ரெஸ்ட்டாம். எனக்கு வந்த கோபத்துக்கு ஃபோனைச் சுவரில் விட்டெறிந்திருப்பேன். ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. இவர்களுக்கு அழிந்தது பெரிதில்லை, அழியாமல் மிச்சம் இருப்பதுதான் தலைவலி.

மூன்றாவது மாடிக்கு ஓடினேன். விடுமுறை என்பதால் ஆளில்லை. ஜபருல்லா டிஸ்க் அழிக்கிற பெட்டியைத் தரையில் வைத்து வயரைச் சொருகிக்கொண்டிருந்தான்.

“அக்கா, எனக்கு மெயில் வந்திருக்கு” என்றான், நான் வாயைத் திறக்கும் முன்னே.

“தெரியும். இதைக் கேட்டுட்டு அழி.”

பதிவாகியிருந்த சென்னியப்பனின் அழைப்பை முழுசாகப் போட்டுக் காட்டினேன். குனிந்தபடியே கேட்டான். ‘இது யாரு’ என்கிற இடம் வந்ததும் வயரை விட்டுவிட்டான். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நான் ஜும்மாவுக்குக் கிளம்பணும்க்கா.”

“மணி பதினொன்னரைதானே ஆகுது?”

“கேளம்பாக்கம் போகணும். ட்ராஃபிக்.”

விஜயதசமி அன்றைக்கு அந்தச் சாலையில் நாய் படுத்துத் தூங்கும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“திரும்பி வர ரெண்டு மணி ஆயிடும். வந்துதான் அழிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அறைக் கதவைப் பூட்டாமல் போனான்.

டெமோ கைகளைக் கழித்தேன். நானூறும். உறுதிதானா என்று இயந்திரம் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் சந்தோஷமாக ஆமாம் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஒரு மாலிலிருந்து விற்பனைப் பிரிவுக்காரன் பதறிக்கொண்டு கூப்பிட்டான். “மேடம், கை பாதி வணக்கத்துல நின்னுடுச்சு!” “நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு நகலிலிருந்து ஒவ்வொரு பதிவாகப் புது டிஸ்க்குக்கு வந்தது. எண் வரிசைப்படி வந்ததால் சென்னியப்பன் நடுவில் எங்கோ இருந்தார். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நிரஞ்சன் பதினாறு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஒன்றேமுக்காலுக்குக் கடைசிப் பதிவும் வந்து சேர்ந்தது. ஒன்பதாயிரத்து இருநூற்று ஆறு. மூன்று தடவை எண்ணிச் சரிபார்த்தேன்.

இரண்டு மணிக்கு ஜபருல்லா பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பொட்டலத்தை என் பக்கம் தள்ளினான். பழைய டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் சொருகி அழிக்க ஆரம்பித்தான்.

நான் ஆவாரம்பாளையத்துக்குக் கூப்பிட்டேன்.

“அண்ணா, பேட்டரியைப் போட்டுக் கையை மாட்டச் சொல்லுங்க.”

கோகிலா மாட்டிவிடுவது கேட்டது. மோட்டார் முனகியது. ஒரு டம்ளர் மேஜையிலிருந்து எழும் சத்தம்.

“வந்துருச்சுங்க.” மனிதர் கத்தினார். “அம்மிணி, வந்துருச்சுங்க! டம்ளரு நசுங்கலீங்க. அதே கைதானுங்க!”

“தாமரை?”

“அழுது அழுது இப்பத்தான் தூங்கறா. எந்திரிச்சதும் பேசிருவனுங்க. நீங்க நல்லா இருக்கணும் அம்மிணி.”

அன்றைய அந்தப் பிரியாணி மாதிரி ருசியான சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. மனிதப் பிழை, நிறுவனத்தின் காட்சிப் பொருள்களுக்குச் சேதம், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை. அதே நாள் நிறுவனம் ஓர் அறிவிப்பும் விட்டது. ‘தரவுத்தள இடமாற்றம் வெற்றிகரமாக முடிந்தது. எந்தப் பயனாளரின் தரவும் இழக்கப்படவில்லை.’ எழுதியது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை. அதை உண்மையாக்கினது யார்? நிரஞ்சனுக்கு அதற்காகப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்களாம். ஜபருல்லா சொன்னான். சிரிப்பதா, செருப்பால் அடிப்பதா?

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆவாரம்பாளையத்தில் பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. சென்னியப்பன் வாசலுக்கே வந்து “வாங்க அம்மிணி, வாங்க வாங்க” என்றார். ஆள் நல்ல உயரம். சட்டைக் கை இரண்டும் முழங்கை வரை மடித்திருந்தது, அதற்குக் கீழே ஒரு சாண் மொட்டைக் கை. இயந்திரக் கைகள் இரண்டும் அலமாரியில், மைக்ரோமீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. நெற்றியில் வைத்த பொட்டு மாதிரி மணிக்கட்டில் குங்குமம் இன்னும் அழியவில்லை.

“கை ஏதாவது தகராறு பண்ணுதுங்களாண்ணா?”

“அதெல்லாம் இல்லீங்க. நல்லா வேலை செய்யுது. பட்டறையில போட்டுக்கறேன். ஊட்டுக்கு வந்தாக் கழட்டிருவேன்.”

“ஏன்?”

அவர் கோகிலாவைப் பார்த்தார். கோகிலா காப்பி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள். “புள்ள கிட்ட அண்ட விடமாட்டேங்கறாளுங்க.”

“அன்னைக்கு நீங்க கூப்பிடற வரைக்கும் அவள எப்படியாச்சும் அமத்தணும்ல?” என்றார் சென்னியப்பன். “கை இல்ல. இந்த மொட்டைக் கையாலதான் அவ உள்ளங்கையில தேச்சுத் தேச்சு, ‘அப்பன்தான், அப்பன்தான்’னு பண்ணிக்கிட்டு இருந்தேன். அப்புறம் கை வந்துச்சு. அவ எந்திரிச்சதும் புடிச்சுப் பேசுனனுங்க. ஒரு தட்டுத் தப்பலைங்க. அழுத்தம் அதே அழுத்தம். முழுசாக் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு ஒவ்வொரு வெரலா எடுத்து வுட்டுட்டா. சட்டைக் கையை மேல தூக்கி இந்த மொட்டையில கையை வெச்சுக்கிட்டா.”

“அது பழைய கைதான்னு சொல்லலீங்களா?”

“சொன்னனுங்க. பன்னண்டு வருசம் பேசுன கைதான். ஒருக்கா மறந்துருச்சு. அவளுக்கு அதே போதுமுங்க.”

ஒன்பதாயிரத்து இருநூற்று ஆறு என்று மூன்று தடவை எண்ணினேனே, சரியாக இருக்கிறது என்று பிரியாணி தின்றேனே. இந்த ஒன்றை எந்த நகலில் போய்த் தேடுவது? எந்தக் கடன்காரன் டிஸ்க்கில் இருக்கிறது இது?

உள் அறையிலிருந்து தாமரை சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். இரட்டைச் சடை, கனகாம்பரம். தரை அதிர்வில் புது ஆள் வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேரே என்னிடம் வந்து என் வலது கையைப் பிடித்தாள். விரல் விரலாகத் தடவினாள். மணிக்கட்டுக்கு வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து, வெடுக்கென்று இழுத்தாள்.

“கண்ணு!” என்று கோகிலா எழுந்தாள். நான் இருக்கட்டும் என்று மறு கையைக் காட்டினேன்.

இன்னொரு தடவை இழுத்தாள். ஒரு தடவை திருகியும் பார்த்தாள். கழன்று வரவில்லை. அதன் பிறகுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் நெஞ்சில் தட்டி என்னவோ கேட்டாள்.

“யாருன்னு கேக்கறாளுங்க” என்றார் சென்னியப்பன்.

“அப்பா கையைத் தொலைச்சுட்டு, அப்புறம் தேடி எடுத்தவள்னு சொல்லுங்க.”

கோகிலா அவள் உள்ளங்கையில் தட்டிச் சொன்னாள். தாமரை உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். மறுபடி அப்பாவின் நெஞ்சில் தட்டினாள்.

“இப்ப அது எங்க இருக்குதுன்னு கேக்கறா.”

கோகிலா அலமாரிப் பக்கம் அவளைத் திருப்பினாள். தாமரை தலையை வேகமாக ஆட்டினாள். அவள் கேட்டது அந்த இரும்பை இல்லை, அதற்குள்ளிருந்து அவளோடு பேசின கையை. எனக்கும் நிரஞ்சனுக்கும் ஒரு சட்டப் பிரிவுக்கும் விளங்காத விஷயம் அந்தக் குழந்தைக்கு விளங்கியிருந்தது.

“சிறுசேரின்னு ஒரு ஊர்ல” என்றேன். “மூணாவது மாடி. நாலாவது ரேக். ஒரு புது டிஸ்க்குக்குள்ள.”

கோகிலா தட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தாமரை உடனே அடுத்ததைக் கேட்டாள்.

“அது யாரோடதுன்னு கேக்கறாளுங்க” என்றார் சென்னியப்பன், என் முகத்தைப் பார்க்காமல்.

பதினேழு வருடம் சம்பளம் வாங்கின இடம். நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். எங்கள் ஊரில் ஆண்கள் மாட்டுச் சந்தையில் மட்டும் சொல்கிற வார்த்தை. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் ஒரு நொடி திகைத்து, பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“அம்மிணி, மொட்டைக் கையில இப்பத்தான் இருவது வார்த்தை சேந்துருக்குது. அந்த வார்த்தைக்கு எங்ககிட்டத் தட்டு இல்லீங்க.”

“வெச்சுக்கோங்கண்ணா. இனிமே தேவைப்படும்.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மகளின் கையை முழங்காலால் அணைத்து நிறுத்தினார். அவள் உள்ளங்கையில் மொட்டைக் கையால் ஒரு தேய்ப்பு, அப்புறம் ஓங்கி இரண்டு இடி. தாமரை அசையாமல் கேட்டுக்கொண்டாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, என் கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் புது வார்த்தையை என் உள்ளங்கையில் அவளே சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வலித்தது.